பிணை நின்றவர்கள்

வாக்குக் கொடுப்பதற்கும் பிணை நிற்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நம் கிராமத்து மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வங்கியிற் கடன் பெறச் செல்லும் ஆசிரியனொருவன் சக ஆசிரியர் இருவரைப் பிணையாளராக அழைத்துச் செல்கின்றான். அவன் கட்டத் தவறின் அவர்களது சம்பளத்திற் கழிக்கப்படும். இதனை அறிந்திருப்பதனாலேயே நெருங்கிய நண்பனுங்கூடப் பிணைப்பத்திரத்தைக் கண்டதும், வீட்டில் ஒரு சொல் கேட்டுவிட்டு வருவதாகக் கூறி நழுவுகின்றான். 'பயப்படாதே, நானிருக்கிறேன்' என்று வாயாற் சொல்வதற்கோ எவரும் வீட்டிற் கேட்பதில்லை. நட்டம் வந்தால் அது யார் தலையில் விழும் என்ற ஒன்றே இரண்டையும் வேறுபடுத்துகின்றது.

உக்ரேனைப் பற்றி எழுத வந்தவன் வங்கிக் கடனைப் பேசுவதேன் எனின், அந்நாட்டின் அண்மைக்கால வரலாறு முழுவதும் இவ்விரு சொற்களுக்கிடையே நடந்த மோசடியாக இருப்பதனாலேயாகும்.

1994 டிசம்பர் 5ஆம் திகதி ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் நாட்டுத் தலைவர் நால்வர் ஒரு பத்திரத்திற் கைச்சாத்திட்டனர். உக்ரேனின் குச்மா, ருஷ்யாவின் யெல்ட்சின், அமெரிக்காவின் கிளின்டன், பிரித்தானியாவின் மேஜர் என்போரே அந்நால்வர். சோவியத் யூனியன் 1991இற் கலைந்தபோது உக்ரேனிய மண்ணில் ஏறத்தாழ 1,900 நெடுந்தூர அணுக்குண்டுகளும், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் 176உம் எஞ்சியிருந்தன. எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் அமெரிக்காவுக்கும் ருஷ்யாவுக்கும் அடுத்தபடியாக உலகில் மூன்றாவது பெரிய அணுவாயுதக் குவியல் அது. அதனைக் கைவிட்டு, அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திற் சேர உக்ரேன் இணங்கியது. அதற்குக் கைம்மாறாகக் கிடைத்ததே புடாபெஸ்ட் பத்திரம். 1996 யூன் மாதத்துடன் கடைசிக் குண்டும் ருஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்பத்திரத்தின் ஆங்கிலப் படியில் அமைந்த சொல் 'அஷூரன்ஸ்' என்பதாகும். உறுதிமொழி என்று நாம் பெயர்க்கலாம். ருஷ்ய, உக்ரேனியப் படிகளில் நிற்பதோ உத்தரவாதம், பிணை எனப் பொருள்படும் சொல். ஒரே பத்திரம், இரு பொருள்! இது மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு அன்று. பிணை என்ற சொல் படையனுப்பும் கடப்பாட்டைக் குறித்துவிடும் என்பதனால் அமெரிக்கத் தரப்பினர் அதனை மறுத்தனர்; ஏனைய மொழிகளில் எச்சொல் நின்றாலும் ஆங்கிலச் சொல்லின் மெலிந்த பொருளிலேயே அதனைக் கொள்ளவேண்டும் என்பதையும் பேச்சுவார்த்தையின்போதே பதிவு செய்துகொண்டனர். அமெரிக்க மூதவையின் ஒப்புதலுக்கு அப்பத்திரம் அனுப்பப்படவுமில்லை. ஆயுதத்தைக் கொடுத்தவன் கையிற் பிணைப்பத்திரம் இருப்பதாக நம்பினான். பெற்றவர்களோ வாழ்த்துமடல் கொடுத்ததாகவே கணக்கு வைத்திருந்தனர்.

உள்ளடக்கத்தையும் பார்ப்போம். உக்ரேனின் இறைமையையும் அன்றிருந்த எல்லைகளையும் மதிப்போம்; அதன்மீது படைபலத்தைப் பிரயோகியோம், பிரயோகிப்பதாக அச்சுறுத்தோம்; பொருளாதார நெருக்குதல் செய்யோம்; அணுவாயுதம் கொண்டு தாக்கப்பட்டாலோ அவ்வாறு அச்சுறுத்தப்பட்டாலோ பாதுகாப்புச் சபையின் உடனடி நடவடிக்கையை நாடுவோம்; உக்ரேன்மீது நாம் அணுவாயுதம் பிரயோகியோம்; ஐயம் எழுந்தாற் கலந்தாலோசிப்போம். ஆறு உறுதிகள். இவற்றை ஒருவர் மீறினால் மற்றவர் என்ன செய்வார் என்று தேடினால், சபைக்குப் போவோம், பேசுவோம் என்பவை மட்டுமே மிஞ்சுகின்றன. எந்தச் சபை? கையெழுத்திட்ட மூன்று வல்லரசுகளும் நிரந்தர ஆசனமும் தடைவாக்கும் பெற்றிருக்கும் அதே சபை. வேலியே பயிரை மேய்ந்தால், மேய்ந்த வேலியிடமே முறையிட வேண்டும்!

அவ்வாறே நடந்தது. 2014 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் ருஷ்யா கிரிமியாவைக் கைப்பற்றித் தன்னோடு இணைத்தது. மார்ச் 15ஆம் திகதி பாதுகாப்புச் சபையில் 13 நாடுகள் ஒரு பக்கம் நின்றன. சீனா வாக்களிக்காது ஒதுங்கியது. ருஷ்யாவின் ஒரு கை உயர்ந்து தீர்மானத்தை வீழ்த்திற்று. அதற்குச் சில நாட்கள் முன்னர் ருஷ்ய ஜனாதிபதி பூட்டின் கூறிய நியாயம் வரலாற்று மாணவர் மறக்கலாகாதது. கீவ் நகரில் நடந்தது புரட்சியாயின் அங்கே பிறந்திருப்பது புதியதோர் அரசு. அப்புதிய அரசோடு தாம் எப்பத்திரத்திலும் கையெழுத்திடவில்லை என்பது அதன் சாரம். 1991இற் சோவியத் யூனியன் மறைந்தபோது அதன் பாதுகாப்புச் சபை ஆசனத்தை ஒரு கடிதத்தின் வலிமையால் தமதாக்கிக்கொண்ட அரசு பேசும் பேச்சா இது? ஆசனம் மட்டும் பரம்பரைச் சொத்து. கடன் மட்டும் இறந்தவனோடு போயிற்று!

ஏனைய இரு பிணையாளரும் கலந்தாலோசித்தனர். பொருளாதாரத் தடைகள் சில விதித்தனர். ஆயுதம் கேட்ட படைக்கு அமெரிக்கா அந்த மார்ச் மாதத்தில் அனுப்பியது உணவுப் பொதிகள். 2022 பெப்ரவரி 24ஆம் திகதி ருஷ்யப் படைகள் நாடு முழுவதையும் குறிவைத்து உள்ளே நுழைந்தன.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. எரிவாயுக் கடனைத் தீர்ப்பதற்காக உக்ரேன் 1999ஆம் ஆண்டு செய்துகொண்ட இணக்கத்தின்படி, குண்டுவீச்சு விமானங்கள் 11உம், ஐந்நூறுக்கு மேற்பட்ட நெடுந்தூர ஏவுகணைகளும் ருஷ்யாவிடம் கையளிக்கப்பட்டன. 2022 நவம்பரில் உக்ரேனிய நிலத்திற் பொறுக்கப்பட்ட சிதைவுகளுள் அதே வகை ஏவுகணைகளும் இருந்தன. அணுக்குண்டுத் தலையைக் கழற்றிவிட்டு எய்திருந்தார்கள். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பது நம்மவர் பழமொழி. எழுதித் தீர்த்த கடன் ஏவுகணையாய் வீட்டுக்கூரையில் வந்து விழுந்த கதை இது.

இவற்றைக் கண்ட பலர் ஓர் எளிய முடிவுக்கு வந்துவிட்டனர்: குண்டைக் கொடுத்திருக்கவே கூடாது! அமெரிக்கப் பேராசிரியர் மியர்ஷைமர் இதனை 1993ஆம் ஆண்டே எழுதினார் என்று எடுத்துக்காட்டுவர். எழுதியது உண்மை. ஆயின் அக்குண்டுகளை ஏவும் சங்கேதங்கள் மொஸ்கோவில் இருந்தன. உக்ரேனிடம் இருந்தது பூட்டிய பெட்டி. திறப்பு வேறொருவன் மடியில். பூட்டை உடைத்துப் புதுத் திறப்புச் செய்யப் பணம் வேண்டும். 1993இல் அந்நாட்டின் பணவீக்கமோ பத்தாயிரம் வீதத்தைத் தாண்டியிருந்தது. மேலும், அணுவாயுதத்தை ஏற்பதில்லை, ஆக்குவதில்லை, பெறுவதில்லை என்று அந்நாட்டு மன்றம் 1990 யூலையிலேயே பிரகடனம் செய்திருந்தது. செர்னோபில் அணுவுலை வெடித்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த மண்ணின் குரல் அது. அதனை ஏமாளித்தனம் என்று நாற்காலியில் இருந்துகொண்டு நகைப்பது எளிது.

குண்டு இருந்தால் எவரும் தீண்டார் என்பதும் வரலாறு ஒப்பாத கூற்று. 1969இல் உசூரி ஆற்றங்கரையிற் சோவியத் படையும் சீனப் படையும் மோதிக்கொண்டன. இருவரிடமும் குண்டு இருந்தது. 1999இற் கார்கிலில் இந்தியாவும் பாகிஸ்தானும் பொருதியதும் இருவரும் அணுவாயுதச் சோதனை நடத்திய மறு ஆண்டிலேயே. 2024 ஆகஸ்டில் உக்ரேனியப் படை ருஷ்யாவின் கூர்ஸ்க் மாநிலத்துட் புகுந்து பல மாதங்கள் நிலைகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான அணுக்குண்டுகள் அம்மாநிலத்தின் எல்லைக் கிராமங்களைக் காக்கவில்லை.

அப்படியாயின் அணுவாயுதம் எதற்குத்தான் பயன்படுகின்றது? வீட்டுக்குட் புகுந்த திருடன், உதவிக்கு ஓடிவரும் அயலவனைப் படலையடியில் நிறுத்திவைப்பதற்குப் பயன்படுகின்றது. படையெடுத்த அன்றே, இடையிற் புகுவோர் வரலாற்றிற் காணாத விளைவைக் காண்பர் என்று பூட்டின் எச்சரித்தார். மூன்று நாளிற் தமது அணுவாயுதப் படைகளை விசேட ஆயத்தநிலையில் வைத்தார். அமெரிக்கப் படை உக்ரேனிற் போரிடாது என்று அமெரிக்க ஜனாதிபதி பைடன் திரும்பத் திரும்ப உறுதி கூறிக்கொண்டிருந்தார். அதன் பின்னர் வந்த உதவியெல்லாம் கரண்டியால் அளந்து ஊற்றிய கஞ்சி. கனரகத் தாங்கிகள் முதலில் இல்லையென்று, 2023 யனவரியில் ஆமென்றனர். போர்விமானங்கள் இல்லையென்று, அவ்வாண்டு ஆகஸ்டில் ஆமென்றனர். கொடுத்த நெடுந்தூர ஏவுகணையை ருஷ்ய மண்ணில் எய்யும் அனுமதி 2024 நவம்பர்வரை இழுபட்டது. ஒவ்வொரு 'இல்லை'க்கும் 'ஆம்'க்கும் இடையே மாண்டவர்களின் கணக்கு எந்தத் தலைநகரின் பேரேட்டிலும் பதியப்படுவதில்லை.

இனி, நம் அணியிலுள்ள பழைய தோழர்களோடு பேசவேண்டும். இது மனத்துக்குக் கசப்பான வேலைதான். அவர்களிடமிருந்தே நாம் ஏகாதிபத்திய எதிர்ப்பைக் கற்றோம். நேட்டோ என்னும் வட அத்திலாந்திக் இராணுவக் கூட்டு கிழக்கு நோக்கி விரிந்ததே இப்போரின் காரணம் என்பது அவர்தம் வாதம். அவ்விரிவு தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. அமெரிக்க இராஜதந்திரி ஜோர்ஜ் கெனனே 1997இல் அதனை மாபெரும் தவறென்று எழுதினார். 2008 ஏப்ரலிற் புக்காரெஸ்ட் மாநாடு செய்தது அதனினும் கேடு: உக்ரேனும் ஜோர்ஜியாவும் ஒருநாள் உறுப்பினராகும் என்றார்கள், அந்நாள் எந்நாள் என்று சொல்லவில்லை. அயலவனின் சினத்தைக் கிளறும் அளவுக்கு அது போதுமானது. அச்சினத்திலிருந்து காப்பதற்கோ சிறிதும் போதாது. நான்கு மாதங்களில் ஜோர்ஜியாவிற் போர் மூண்டது.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின்னர் ஒரு வினா. 2010 யூலையில் உக்ரேன் எந்த இராணுவக் கூட்டிலும் சேர்வதில்லை என்று சட்டமியற்றியது. 2014இற் கிரிமியா பறிக்கப்பட்டபோது அச்சட்டம் நடைமுறையில் இருந்தது. கிரிமியாவை இழந்து பல மாதங்களுக்குப் பின்னர், அவ்வாண்டு டிசம்பரிலேதான் அதனை நீக்கினர். கூட்டுச் சேரேன் என்று சட்டத்தில் எழுதிவைத்தவன் மீது பாய்ந்த பாய்ச்சலுக்குக் கூட்டைக் காரணம் காட்டுவது எந்தத் தர்க்க நூலில் அடங்கும்? ஏகாதிபத்தியம் என்பது ஒரு தலைநகரின் பெயரன்று; ஒரு செயலின் பெயர். அச்செயலை வாஷிங்டன் செய்தால் முழக்கம், மொஸ்கோ செய்தால் வரலாற்றுப் பின்னணி என்று இரு படிக்கல் வைத்திருப்பவன் வியாபாரியாகலாம், முற்போக்காளன் ஆகான்.

மறுபுறத்தில், நேட்டோவிற் சேர்ந்துவிட்டால் எல்லாம் நலமே என்போர் நிற்கின்றனர். பின்லாந்து 2023இலும் சுவீடன் 2024இலும் சேர்ந்ததை அவர்கள் காட்டுவர். அவ்விரு நாடுகளின் அச்சம் நியாயமானது. சேர்ந்ததற்காக அம்மக்களை நான் பழிக்கமாட்டேன். ஆனால் 1949ஆம் ஆண்டின் அவ்வொப்பந்தத்தில் ஊரெல்லாம் புகழும் ஐந்தாம் உறுப்புரையை ஒருமுறை நிதானமாக வாசித்தல் நன்று. ஓர் உறுப்பினர் தாக்கப்பட்டால் அது எல்லோர் மீதுமான தாக்குதல் எனக் கொள்ளப்படும். சரி. அதன்பின்? ஒவ்வொரு நாடும் படைபலம் உள்ளிட்டுத் தான் அவசியமெனக் கருதும் நடவடிக்கையை எடுக்கும். 'தான் அவசியமெனக் கருதும்' என்பதே அங்கு உயிர்நாடி. கருதாவிட்டால்? பணம் செலவிடாத கூட்டாளிகளை ருஷ்யா விரும்பியபடி செய்துகொள்ளட்டும் என்று தாம் ஊக்குவிப்பேன் என 2024 பெப்ரவரியிற் தேர்தல் மேடையில் முழங்கிய டிரம்ப், 2025 யனவரியில் மீண்டும் பதவியேற்றார். பதவியேற்கு முன்னரே, கூட்டாளி நாடான டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட கிறீன்லாந்தைக் கைக்கொள்வதற்குப் படைபலம் பயன்படாது என உறுதியளிக்க மறுத்தார். பிணையாளனே காணிக்கு உரிமை கோரினால் அந்தப் பிணைப்பத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

பிணைக்கு வட்டியும் கேட்டனர். 2025 மார்ச்சில், வெள்ளை மாளிகையில் நடந்த வாய்த்தர்க்கத்தின் சில நாட்களுக்குள், உக்ரேனுக்கான ஆயுத உதவி நிறுத்தப்பட்டது. உளவுத் தகவல்களும் நிறுத்தப்பட்டன. ஒருவாரத்தின் பின்னரே மீண்டன. ஏப்ரல் 30ஆம் திகதி உக்ரேனின் கனிவளங்களை முன்வைத்து அமெரிக்காவுடன் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. தாக்கியவன் நிலத்தை எடுத்தான். காப்பதாகச் சொன்னவன் நிலத்தின் அடியிலுள்ளதற்குப் பங்கு எழுதுவித்தான். இடையில், அவ்வாண்டு பெப்ரவரி 24ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபையில் உக்ரேனின் நிலவுரிமையை ஆதரித்த தீர்மானத்தை 93 நாடுகள் ஏற்றபோது, எதிர்த்த 18 நாடுகளுள் ருஷ்யாவும் இருந்தது, அமெரிக்காவும் இருந்தது. புடாபெஸ்டிற் பிணை நின்ற மூவரில் இருவர் ஒரே அணியில்!

2025 ஆகஸ்டிலிருந்து மறுபடியும் பாதுகாப்பு உத்தரவாதப் பேச்சு எழுந்தது. இம்முறை வழங்கப்பட்ட சொற்றொடர் 'ஐந்தாம் உறுப்புரை போன்ற' உத்தரவாதம் என்பது. தமிழிலக்கணம் கற்பிப்பவன் இச்சொற்றொடரைத் தாண்டிப் போதல் இயலாது. போல, போன்ற என்பன உவம உருபுகள். முகம் மதி போன்றது என்றால் முகம் மதியன்று என்பது முதற்பொருள். ஐந்தாம் உறுப்புரையே 'தான் கருதும்' நடவடிக்கை அளவில் நிற்க, அது 'போன்ற' ஒன்று யாரைக் காக்கும்? உக்ரேனியத் தாய்மார் இனியொரு பத்திரத்தை நம்புவதாயின், அதில் எவன், எத்தனை நாளுக்குள், எந்தப் படையை, எந்த இடத்துக்கு அனுப்புவான் என்று எழுதியிருத்தல் வேண்டும். தவறினால் அவனுக்கு என்ன நட்டம் என்றும் எழுதியிருத்தல் வேண்டும். பிணை என்ற சொல்லுக்கு நம்மூர் வங்கி எழுத்தர் கேட்பதற்குக் குறைவானதை ஒரு நாடு ஏன் ஏற்கவேண்டும்?

இப்போது நமது நாட்டுக்கு வருவோம். இவ்விவகாரத்தில் நாம் பார்வையாளர் அல்லோம். 2022 மார்ச் 2ஆம் திகதி ருஷ்யா வெளியேற வேண்டும் என்ற பொதுச்சபைத் தீர்மானத்தை 141 நாடுகள் ஆதரித்தன; ஐந்து எதிர்த்தன; 35 வாக்களிக்காது ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் இலங்கையும் ஒன்று. அணிசேராமை என்று அதற்கொரு பட்டுப் போர்வை போர்த்தப்பட்டது. நம் முற்போக்கு வட்டத்திலும் அதனைப் பாராட்டிப் பேசியோர் உளர்.

அணிசேராமை என்றால் என்னவென்பதை இந்நாடு ஒருகாலம் அறிந்திருந்தது. சுதந்திரத்தோடு சேர்த்து, 1947இற் பிரித்தானியாவுடன் எழுதிய ஒரு பாதுகாப்பு ஒப்பந்தமும் நம் தலையிற் கட்டப்பட்டது. திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்க விமானத்தளமும் அவர்கள் கையிலேயே இருந்தன. பண்டாரநாயக்க அரசாங்கம் 1957இல் அவற்றை மீட்டது. அதே 1957இல் இன்னொன்றும் நிகழ்ந்தது. 1956 நவம்பர் முதலாம் நாள் ஹங்கேரியின் பிரதமர் இம்ரே நாகி தம் நாடு நடுநிலை நாடு என்று அறிவித்து, அந்நடுநிலைக்குப் பாதுகாப்புத் தரும்படி நான்கு வல்லரசுகளையும் ஐ.நா.வையும் வேண்டினார். நான்காம் நாள் சோவியத் தாங்கிகள் புடாபெஸ்டுக்குள் வந்தன. ஆம், முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் உக்ரேனுக்கு உறுதிமொழி எழுதப்பட்ட அதே புடாபெஸ்ட். அன்று அதனை விசாரிக்க ஐ.நா. அமைத்த ஐந்து நாட்டுக் குழுவில் அவுஸ்திரேலியா, டென்மார்க், துனீசியா, உருகுவே ஆகியவற்றோடு இலங்கையும் அமர்ந்தது. ஆரம்பத்தில் நமது அரசும் வாக்களிக்காது தயங்கியதுண்டு. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1957 யூனில், நடந்தது ஒரு மக்கள் எழுச்சியை அந்நியப்படை நசுக்கிய செயல் என்று கூறிய ஏகமனதான அறிக்கையில் இலங்கையின் ஒப்பமும் இருந்தது. பிரித்தானியனின் தளத்தையும் எடுத்தோம், சோவியத்தின் தாங்கியையும் கண்டித்தோம், ஒரே ஆண்டில். அதற்குப் பெயர் அணிசேராமை. இரண்டு பக்கத்துக்கும் முகங்காட்டாமற் கதவுக்குப் பின்னால் நிற்பதற்கு அப்பெயரைச் சூட்டலாகாது.

2023 செப்டெம்பரில் இலங்கை அணுவாயுதத் தடை உடன்படிக்கையில் இணைந்தது. மகிழத்தக்க செயல். ஆனால் தன் மண்ணிலிருந்த அணுவாயுதம் அனைத்தையும் கையளித்த நாடு பெற்றவனாலேயே மிதிக்கப்படும்போது வாய்மூடியிருந்த அரசு, அணுவாயுதத்தைக் கைவிடுமாறு எவருக்கு உபதேசிக்கும்? லிபியா 2003இல் தன் அணுத்திட்டத்தைக் கைவிட்டது. 2011இல் மேற்கு நாடுகளின் விமானங்கள் அதன்மேற் பறந்தன. வடகொரியா அந்தப் பாடத்தைச் சொல்லிச் சொல்லியே தன் குண்டுகளைப் பெருக்குகின்றது. புடாபெஸ்ட் பத்திரம் கிழிக்கப்பட்ட ஒலி டெஹ்ரானிலும் சியோலிலும் கேட்காமலா இருந்திருக்கும்? ஆயுதக்களைவை வேண்டும் எவரும், ஆயுதத்தைக் களைந்தவனின் பக்கம் முதலில் நிற்கவேண்டும். இதிலே நடுநிலை என்று ஓரிடம் இல்லை.

வாக்களிக்காது ஒதுங்கிய அரசின் முன்னாட் படைவீரர்களோ ஒதுங்க முடியவில்லை. நாட்டின் பொருளாதாரம் 2022இற் சரிந்தபின் ஓய்வூதியத்தில் வாழ வழியின்றி, முகவர்களின் பேச்சை நம்பி, நல்ல சம்பளம், பின்வரிசை வேலை என்ற வாக்குகளோடு அப்போர்முனைக்குச் சென்றோர் பலர். குறைந்தது 16 பேர் மாண்டனர் என்று அரசாங்கமே 2024 மே மாதத்தில் ஒப்புக்கொண்டது. அவர்களுக்கும் கொடுக்கப்பட்டவை உறுதிமொழிகளே. பிணை நின்றவர் எவருமிலர்.

நம் சங்கங்களும் சஞ்சிகைகளும் வெளிநாட்டமைச்சிடம் பகிரங்கமாகக் கேட்கவேண்டிய வினா ஒன்றுதான். 1957இற் புடாபெஸ்டைப் பற்றிச் சொல்ல முடிந்ததை 2022இற் கீவைப் பற்றிச் சொல்ல எது தடுத்தது? கடனா, தேயிலைச் சந்தையா, எண்ணெயா, அச்சமா? எதுவாயினும் அதன் பெயரைச் சொல்லட்டும். அணிசேராமையின் பெயரை விட்டுவிடட்டும்.